எட்டு மாத ஜக் ரசல் வளவைக் கிண்டுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். கொழும்பிலிருக்கும் அண்ணா தந்த ஜக் ரசல் டெரியர், கடுவன், எட்டு மாதம். வாழைப் பாத்தி முழுக்கக் கிண்டிப்போட்டான். வீட்டில் சோடியாக ஒரு செருப்பு மிச்சமில்லை. பின்னேரம் அரை மணித்தியாலம் நடத்தினாலும் களைப்பதில்லை. போன கிழமை படலைக்குக் கீழால் பூந்து ஓடிவிட்டான். சங்கிலியில் கட்டச் சொல்லி இவர் நிற்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். வீட்டுக்கு ஆட்கள் வரும்போது கொஞ்ச நேரம் கட்டுவது வேறு விஷயம். நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கும் டெரியர் குரைத்தே ஒழுங்கையை எழுப்பும். அவிழ்த்துவிட்டால் மிச்சம் இருக்கும் வாழையும் போகும்.

இவன் செய்வது பரம்பரைத் தொழில் என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1819இல், இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்டில் படித்துக்கொண்டிருந்த ஜோன் ரசல், ஒரு பால்காரரிடம் ட்ரம்ப் என்ற வெள்ளைப் பெட்டை நாயை வாங்கினார். பிறகு பாதிரியாரானவருக்கு நரி வேட்டையில் சரியான பைத்தியம். வளைக்குள் ஒளித்த நரியைப் பின்னால் போய்க் குரைத்து வெளியே கிளப்பும் நாய்தான் அவருக்கு வேண்டும். எசமான் மேலே நிற்க, இருட்டுக்குள் தனியே போய்த் தானே முடிவெடுக்கிற நாய். அந்த வழியில் வந்தவன் 'வா' என்றதும் ஓடி வருவானா?

இன்னும் ஒரு மணித்தியாலம் கூட்டி நடத்தினால் அவன் உடம்பு இன்னும் உரமேறும், அவ்வளவுதான். களைக்க வேண்டியது அவனுடைய மூக்கு. வளவில் நிழலான மூலை ஒன்றைப் பார்த்து, நாலடிக்கு மூன்றடி இடத்தைக் கல் வைத்து மறித்துக் கடற்கரை மணலால் நிரப்புங்கள். முதல் நாள் அவன் கண்முன்னாலேயே அவித்த கோழி ஈரல் துண்டை இரண்டு விரற்கடை ஆழத்தில் புதையுங்கள். அடுத்த நாள் அவன் பார்க்காத நேரத்தில், கொஞ்சம் ஆழமாக. வாழையடியில் கிண்டினால் சத்தம் போடாமல் தூக்கி வந்து மணலில் விடுங்கள். அநேகமான நாய்கள் இரண்டு மூன்று கிழமையில் பிடித்துக்கொள்ளும். மத்தியானச் சாப்பாட்டையும் கோப்பையில் போடாமல், பழைய துணியில் சுருட்டி முடிந்து கொடுத்துப் பாருங்கள். என்னிடம் முன்பு இருந்த ஒன்று, முடிச்சை முன்னங்காலால் அமத்திப் பிடித்து, ஓரத்தை முன்பல்லால் மெல்ல மெல்ல இழுத்து, கால் மணித்தியாலம் பாடுபட்டுத்தான் சாப்பிடும். பிறகு கிணற்றடி நிழலில் நீட்டி நிமிர்ந்து நித்திரை. துணியை விழுங்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள். செருப்பைப் பற்றி என்ன சொல்ல, உயரத்தில் வையுங்கள்.

நடைக்கு வருவோம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை ஆறரைக்கு முன், பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு மட்டும். தார் வீதியில் புறங்கையை வையுங்கள். ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் அவனுக்கும் அது சூடுதான். குட்டைக் காலன், வயிறே வீதியோடு வேகும். நாய்க்குச் சாதாரண உடற்சூடு 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ். 41 தாண்டினால் உயிருக்கு ஆபத்து. இந்தச் சாதி விளையாட்டு ருசியில் தானாக நிற்காது, நீங்கள்தான் நிறுத்த வேண்டும். மூச்சு அடங்காமல் இளைத்து, பல் முரசு கடுஞ்சிவப்பாகி, தள்ளாடினால் அந்த இடத்திலேயே தண்ணீர் ஊற்றி, விசிறி, அதன் பிறகு ஓட்டோ பிடியுங்கள்.

மான்கள் திரியும் திருகோணமலைக் கோட்டைப் பக்கம், நகரக் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போனால் வாரைக் கழற்றவே வேண்டாம். மான் ஒன்று வாலை ஆட்டினால் போதும், அதுவரை பழக்கியதெல்லாம் காற்றில் போய்விடும். கழுத்துப்பட்டியை விட நெஞ்சைச் சுற்றும் பட்டி நல்லது.

நான் உண்மையில் பயப்படுவது கரைவலை இழுத்த இடங்களுக்கு. ஒதுக்கி எறியும் மீனில் பேத்தையும் கிடக்கும். அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது; தசை சோர்ந்து, மூச்சே நின்றுவிடும். காய்ந்து கிடந்தாலும் நஞ்சு நஞ்சுதான். தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடுங்கள். மழைக்குத் தேரை வரும், அதையும் கவ்வுவான். வாயில் நுரை தள்ளினால் தலையைக் கீழே சாய்த்து, ஈரத்துணியால் முரசையும் நாக்கையும் துடையுங்கள். தண்ணீர் தொண்டைக்குள் போகக்கூடாது.

எலி பிடிக்கிற நாய் என்பதால் விசர்நாய்த் தடுப்பூசியோடு எலிக்காய்ச்சல் ஊசியும் வருடாவருடம் போடுங்கள். உண்ணிக்கு மண்ணெண்ணெய் பூசச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள்.

படலைக்குக் கீழே ஓரடி ஆழம் தோண்டி, ஒரு வரிசை சீமெந்துக் கல்லை இறுக்கிவிடுங்கள். தோண்டும்போது அந்த இடத்தில் எலி வளை இருக்கிறதா என்றும் பாருங்கள். அநேகமாக இருக்கும்.