மகள் சிற்பம் படிக்கட்டுமா? கடலூர் அம்மாவுக்கு ஒரு பதில்

கடலூர் முதுநகரிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பிளஸ் ஒன் படிக்கும் மகள் சிற்பம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், "இது சோறு போடுமா, அதுவும் பொம்பளப் பிள்ளைக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். ஆனால் பட்டம் வாங்கிய மறுமாதமே சம்பளம் வந்துவிடாது. அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

சின்ன வயதில் மண்ணில் பிள்ளையார் பிடிக்காத குழந்தை ஏது? அதை வைத்து நான் முடிவு சொல்லமாட்டேன். போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் எனக்குப் பெரிதாகப்பட்டது. காயவைத்த மண் தலை வெடித்ததும் அழுதவள், மறுநாள் உள்ளே குடைந்து திரும்பச் செய்தாள் என்றீர்களே, அது. மண் தடிமனாக இருந்தால் மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், விரிசல் விடும். அப்படியே சூளையில் வைத்தால் வெடிக்கும். அதனால்தான் சுடுமண் சிலைகளை உள்ளே காலியாக விட்டுச் செய்கிறார்கள். யாரும் சொல்லித்தராமல் அவள் அங்கே வந்து சேர்ந்திருக்கிறாள். இந்தப் பொறுமை உள்ள பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

கல்லூரிக்கு ரொம்ப தூரம் போகவேண்டாம். பாண்டி போகிற வழியில் அரியாங்குப்பத்திலேயே பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம் என்பதால், தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு என்ன ஒதுக்கீடு என்பதை நேரில் போய்க் கேளுங்கள். 1850-ல் தொடங்கிய சென்னை கவின்கலைக் கல்லூரியும், கும்பகோணத்தில் உள்ளதும் அரசுக் கல்லூரிகள். கோயில் சிற்பமரபில் ஆர்வம் என்றால் மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி. நான்கு வருடப் படிப்பு. மார்க் மட்டும் போதாது, கை வேலையையும் சோதிப்பார்கள். ஆகவே இப்போதிலிருந்தே தினமும் பென்சிலால் வரையட்டும். செய்த உருவங்களை முன், பின், பக்கவாட்டு என்று எல்லாக் கோணத்திலும் படமெடுத்து வையுங்கள்.

பெண்ணால் முடியுமா என்பதற்கு மீரா முகர்ஜியைச் சொல்வேன். பஸ்தர் கைவினைஞர்களிடம் உலோக வார்ப்பு கற்று, ஆளுயரத்தைத் தாண்டிய வெண்கலச் சிலைகள் செய்தவர். கல் வேலையில் பயப்படவேண்டியது எடைக்கு அல்ல, தூசிக்கு. அது நுரையீரலைக் கெடுக்கும். முகக்கவசம் இல்லாமல் உளி எடுக்க விடாதீர்கள்.

வருமானம் ஒரே வாசலில் வராது. முதலில் மூத்த சிற்பி ஒருவரிடம் உதவியாளர்; பிறகு சினிமா செட், கோயில் திருப்பணியில் சுதை (சுண்ணாம்புச் சாந்து) வேலை, தலைவர்கள் சிலை, பள்ளியில் ஓவிய வகுப்பு, கணினியில் முப்பரிமாண உருவம். சொந்தப் படைப்பு விலைபோக வருடங்கள் ஆகும். மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையான இளம் கலைஞர்களுக்கு இரண்டு வருட உதவித்தொகை தருகிறது, குறித்துவையுங்கள்.

வரும் லீவில் அவளைப் புதுச்சேரி பக்கத்து வில்லியனூருக்குக் கூட்டிப்போங்கள். அங்குள்ள சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. பத்மஸ்ரீ பெற்ற சுடுமண் கலைஞர் முனுசாமி அந்த ஊர்க்காரர்தான். ஒரு பட்டறையில் அரைநாள் உட்கார்ந்து வேலையைப் பார்க்கட்டும். மாதம் எவ்வளவு கையில் நிற்கிறது, எந்த மாதம் ஆர்டர் இல்லை என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். அதன்பிறகு இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு எழுதுங்கள்.