மாடு பக்கத்துத் தோட்டத்தில் மேய்ந்துவிட்டது, கட்டிவைத்துக்கொண்டு விட மறுக்கிறார்கள்

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறேன். கணவர் திருப்பூரில் வேலை செய்கிறார். மழையில் கல்கால் இரண்டு சாய்ந்து கம்பி வேலி விழுந்த இடத்தின் வழியாக, என் இரண்டு பசுக்களும் கன்றும் ராத்திரியில் பக்கத்துத் தோட்டத்துக்குள் போய் எட்டு சென்ட் அளவுக்கு மக்காச்சோளத்தை மேய்ந்துவிட்டன. தோட்டத்துக்காரர் மூன்றையும் தன் கொட்டகையில் கட்டிவிட்டார். நான்கு நாளாகிறது. 60,000 ரூபாய் கொடு, வேலி முழுவதையும் உன் செலவில் போட்டுக் கொடு, அப்புறம்தான் மாடு என்கிறார். இனி வந்தால் வேலியில் கரண்ட் வைத்துவிடுவேன் என்றும் சொல்கிறார். ராத்திரியில் போய் அவிழ்த்து வந்துவிடலாம் என்கிறார் என் தம்பி. போகலாமா?

பதில்: அம்மா, தம்பியைத் தயவுசெய்து போகவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது அந்தக் கடைசி வரிதான். இப்போதைக்கு நியாயம் உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. தம்பி போய் அவிழ்த்துவிட்டால் அது மொத்தமாக எதிர்ப்பக்கம் போய்விடும். பிடித்த மாட்டை வலுக்கட்டாயமாக மீட்டால் 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் 24ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. சட்டம் பழையதுதான், ஆனால் இன்றும் நடப்பில் இருக்கிறது.

அதே சட்டம் அவரையும் கட்டுப்படுத்துகிறது. தன் பயிரை மேயும் மாட்டைப் பிடிக்க 10ஆவது பிரிவு அவருக்கு உரிமை தருகிறது. ஆனால் பிடித்த 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு அனுப்பியாக வேண்டும். பிடிபட்ட மாடுகளை அடைத்துவைக்கும் பொதுத் தொழுவம் அது, கொண்டித்தொழு என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். அங்கே அபராதத்தையும் தீவனச் செலவையும் கட்டி நீங்கள் மாட்டை மீட்டுக்கொள்வீர்கள். பயிர்ச் சேதத்துக்கான பணத்தை அவர் தனியாகக் கேட்க வேண்டும். பணம் வரும் வரை மாட்டை அடமானம் போலச் சொந்தக் கொட்டகையில் வைத்திருக்க அவருக்கு உரிமை கிடையாது. எங்கள் ஊரில் பவுண்டே இல்லையே என்பார். பல ஊர்களில் அது இடிந்துதான் கிடக்கிறது. அப்படியானால் அவர் அன்றைக்கே ஊராட்சியிலோ காவல் நிலையத்திலோ தகவல் சொல்லியிருக்க வேண்டும். நான்கு நாள் கட்டிவைத்து விலை பேசியிருக்கக் கூடாது.

இதற்காக 20ஆவது பிரிவின்படி குற்றவியல் நடுவரிடம் புகார் கொடுக்கலாம். மாட்டைப் பிடித்த நாளிலிருந்து பத்து நாள்தான் கெடு, அதனால் தள்ளிப் போடாதீர்கள். எழுத்தில்தான் தர வேண்டும் என்றில்லை, நேரில் போய் வாயால் சொன்னாலும் நடுவர் எழுதிக்கொள்ள வேண்டும். பிடித்து வைத்தது தவறு என்று கண்டால் மாட்டை விடுவிக்க அவர் உத்தரவிடலாம். இந்தச் சட்டத்தில் கிடைக்கும் இழப்பீடு 100 ரூபாய்க்கு மேல் போகாது. ஆனால் நமக்கு வேண்டியது மாடு.

அதற்கு முன் நாளைக் காலையே காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். காதில் 12 இலக்க வில்லை இருந்தால் அந்த எண்களையும், பால் சொசைட்டி அட்டை நகலையும் சேருங்கள். கறவை மாடு எது, எத்தனை நாளாகச் சரியாகக் கறக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். கறக்காமல் விட்டால் மடிவீக்கம் வரும். அதனால்தான் அவசரம் என்று காவலருக்குப் புரிய வேண்டும். பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே மாடு வீடு வந்துவிடும். 'திருட்டு' என்று மட்டும் எழுதாதீர்கள். அவர் பிடித்தது தன் பயிரில் நின்ற மாட்டை. பொய்யாக ஒரு வார்த்தை சேர்த்தால் உண்மையான குறையும் எடுபடாமல் போகும்.

சரி, சேதத்துக்கு வருவோம். அதை நீங்கள் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மாட்டை அடக்கி வைப்பது மாட்டுக்காரர் பொறுப்பு. மழையில் வேலி விழுந்தது, எனக்குத் தெரியாது என்பது அவர் இழந்த கதிரைத் திருப்பித் தராது. அவரும் உங்களைப் போல வெயிலில் நின்று விளைவித்தவர்தான். ஆனால் 60,000 ரூபாய் கணக்குக்கு ஒத்து வராது. நல்ல விளைச்சலில் ஏக்கருக்கு 30 குவிண்டால் என்றே வையுங்கள், எட்டு சென்டுக்கு 2.4 குவிண்டால் வரும். 2025-26 பருவத்துக்கு அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். ஆக 5,760 ரூபாய். தட்டைக்கும் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். உதவி வேளாண்மை அலுவலரையோ கிராம நிர்வாக அலுவலரையோ அழைத்துச் சேதத்தைப் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். பயிர் அறுபடுவதற்குள் போட்டோவும் எடுத்துவிடுங்கள். நியாயமான தொகைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகட்டும். அதற்கு அவருக்கு மூன்று வருட அவகாசம் இருக்கிறது.

வேலி முழுவதையும் நீங்கள்தான் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவரையும் வேலி போடச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. மாடு உங்களுடையது என்பதால், சாய்ந்த இரண்டு கல்காலை இன்றைக்கே நிமிர்த்தி, முள்ளாவது வெட்டி அடைத்துவிடுங்கள். அது உங்கள் செலவு. முழு வேலிக்குக் கைவைக்கும் முன் இ-சேவை மையம் வழியாக நில அளவைக்கு விண்ணப்பித்து, சர்வேயர் புலப்படத்தை (நில அளவை வரைபடத்தை) வைத்து எல்லைக் கல்லைக் காட்டிய பிறகு போடுங்கள். ஒரு முழம் தள்ளிப் போட்ட வேலி பத்து வருட வழக்காக வளர்ந்ததை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். இருவரும் பாதிப்பாதி செலவு செய்வதானால், யார் எந்த நீளத்தைப் பராமரிப்பது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கல்லுக்கும் கம்பிக்கும் பணம் இல்லையென்றால் கிளுவைக் குச்சி நடுங்கள். மழைக்காலத்தில் நட்டால் நன்றாகப் பிடிக்கும்.

கரண்ட் வைப்பேன் என்றதைக் கோபத்தில் சொன்னது என்று விட்டுவிடாதீர்கள். புகாரில் தனிப் பத்தியாக எழுதி, மின்வாரிய உதவிப் பொறியாளருக்கும் ஒரு நகல் கொடுங்கள். மின்கம்பத்திலிருந்தோ மோட்டார் இணைப்பிலிருந்தோ வேலிக்கு நேராக மின்சாரம் எடுப்பது மின்திருட்டு. மாடு செத்தால் பாரதிய நியாய சங்கிதா 325ஆவது பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை. மனிதர் செத்தால் கொலைக்குச் சமமாகாத மரணம் விளைவித்த வழக்கு வரைக்கும் போகும். விடிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களும் பன்றிக்கு வைத்த வேலியில் சிக்கிச் சாகிறார்கள். இதை அவரிடமும் யாராவது பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். அவர் வீட்டுப் பிள்ளைகளும் அந்த வரப்பில்தானே நடக்கிறார்கள்.

வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். தாலுகா நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழு இருக்கும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் வைத்துத் தருவார்கள். வழக்குப் போடும் முன்னரே மக்கள் நீதிமன்றத்தில் இருவரையும் உட்காரவைத்துப் பேசவும் முடியும். அங்கே எட்டும் முடிவு தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பதாக இருந்தாலும் சரிதான். வெற்றுத்தாளிலோ எழுதாத பத்திரத்திலோ மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள். தொகையை எண்ணிக் கொடுத்து, 'இந்தச் சேதத்துக்கு முழுதும் பெற்றுக்கொண்டேன்' என்று அவர் கைப்பட எழுதி வாங்கிக்கொண்டு மாட்டை ஓட்டி வாருங்கள். வந்ததும் கறவை மாட்டை முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.