மூன்று வருடமாக அரையிறுதியிலேயே தோற்கிறோம். கூடைப்பந்து டீமை அப்படியே வைத்துக்கொள்வதா, கலைத்துவிட்டுப் புதிதாகச் சேர்ப்பதா?

கேட்டவர் கிருஷ்ணகிரிக்காரர். கோடை டோர்னமென்ட்களில் அவருடைய கிளப் மூன்று வருடமாக அரையிறுதியைத் தாண்டவில்லை. முதல் ஐந்து பேருக்கும் 27-லிருந்து 31 வயது. அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக் அணிகள் செய்கிற மாதிரி எல்லோரையும் அனுப்பிவிட்டு, காலேஜ் பசங்களை வைத்து முதலிலிருந்து தொடங்கலாமா என்கிறார்.

கலைக்காதீர்கள். நான் தர்மபுரி. பள்ளிக்கூட நாளிலிருந்து இந்த ஆட்டத்தோடுதான் இருக்கிறேன், இன்றைக்கும் சாயங்காலம் கோர்ட்டுப் பக்கம் போகாவிட்டால் அந்த நாள் முடிந்த மாதிரியே இருக்காது. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை.

முதலில் அந்த என்.பி.ஏ. விஷயம். அங்கே ஒரு அணியைக் கலைக்கிறார்கள் என்றால் வெறுமனே கலைப்பதில்லை, ஆளைக் கொடுத்து எதையாவது வாங்கிக்கொள்கிறார்கள். 2013-ல் பாஸ்டன் செல்டிக்ஸ், வயதாகிவிட்ட கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் புரூக்ளின் நெட்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்தவற்றில் முக்கியமானவை அடுத்தடுத்த வருடங்களின் முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகள், அதாவது லீகுக்குப் புதிதாக வரும் பசங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிற உரிமைகள். அதில் ஒன்றில் 2016-ல் ஜேலன் பிரவுன் வந்தார். இன்னொன்று 2017-ல் முதலாவது இடமாகவே விழுந்தது, அதை பிலடெல்பியாவுக்குக் கொடுத்துவிட்டு மூன்றாவது இடத்தை வாங்கி ஜேசன் டேட்டமை எடுத்தார்கள். அதே மாதிரி 2019-ல் ஓக்லஹோமா சிட்டி தண்டர், பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்கு அனுப்பியபோது ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர் என்ற இளம் பையனும் ஐந்து முதல் சுற்று உரிமைகளும் கிடைத்தன. அந்த உரிமைகளில் ஒன்றுதான் 2022-ல் ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. நடுவில் அவர்கள் பட்ட அடியையும் சொல்ல வேண்டும்: 2020-21 சீசனில் 72 ஆட்டத்தில் 22 வெற்றி, அதற்கடுத்த சீசனில் 82-ல் 24. அப்புறம் படிப்படியாக ஏறி 2024-25-ல் 68 ஆட்டம் ஜெயித்து, இறுதிச் சுற்றில் இந்தியானாவோடு ஏழு ஆட்டம் போராடிக் கோப்பையைத் தூக்கினார்கள். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துகிற உங்கள் பாயிண்ட் கார்டை நாளைக்கு அனுப்பிவிட்டால் உங்களுக்கு யார் என்ன கொடுக்கப் போகிறார்கள்? ஒன்றும் வராது. அவர் அடுத்த மாதமே ஓசூர் டீமில் ஆடுவார், அதுவும் உங்களுக்கு எதிராக.

இன்னொன்று, டிராஃப்ட் இருக்கிற அந்த லீகிலேயே கலைத்தவர்கள் எல்லோரும் கரை சேரவில்லை. பிலடெல்பியா 76ர்ஸ் 2013-லிருந்து வேண்டுமென்றே அடிமட்டத்துக்குப் போய்ப் புதிதாகக் கட்டினார்கள். 2015-16-ல் 82 ஆட்டத்தில் 10 வெற்றி. ஜோயல் எம்பீட் கிடைத்தார், பென் சிம்மன்ஸ் கிடைத்தார், ஆனாலும் அதற்குப் பிறகு பத்து வருடத்தில் ஒருமுறைகூட கிழக்குப் பிரிவு இறுதிக்குப் போகவில்லை. இந்த மாதிரி வேண்டுமென்றே தோற்பதைக் குறைக்கத்தான் 2019-ல், டிராஃப்டில் யார் முதலில் எடுப்பது என்று முடிவு செய்கிற குலுக்கலின் விதியை மாற்றினார்கள். அதன்படி கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் இடம் கிடைக்கிற வாய்ப்பு ஒரே அளவு, 14 சதவீதம் என்று ஆனது. 2023-24-ல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் ஒரே சீசனில் தொடர்ந்து 28 ஆட்டம் தோற்று, 14 வெற்றியோடு லீகிலேயே கடைசியாக வந்தது. அவர்களுக்குக் கிடைத்தது ஐந்தாவது இடம்.

சரி, வைத்துக்கொண்டவர்களைப் பாருங்கள். உங்கள் நிலைமைக்கு நெருக்கமானது சான் அன்டோனியோ ஸ்பர்ஸ்தான். 2013 இறுதியில் மயாமியிடம் ஆறாவது ஆட்டத்தைக் கையில் வைத்திருந்து, கடைசி நொடிகளில் ரே ஆலன் கார்னரிலிருந்து போட்ட மூன்று புள்ளி ஷாட்டில் கோட்டைவிட்டார்கள், ஏழாவதிலும் தோற்றார்கள். அப்போது டிம் டங்கனுக்கு 37, ஜினோபிலிக்கு 35. கலைக்க இதைவிட நல்ல காரணம் யாருக்குக் கிடைக்கும்? கலைக்கவில்லை. அதே ஆட்களோடு அடுத்த வருடம் வந்து அதே மயாமியை 4-1 என்று அடித்தார்கள்.

ஆனால் அப்படியே வந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், நான் சொல்ல வருவது இந்த இடத்தில்தான் இருக்கிறது. 2013-14 லீக் சீசன் முழுக்க அந்த அணியில் ஒருவர்கூட சராசரியாக 30 நிமிடத்தைத் தொடவில்லை, அங்கே ஆட்டம் 48 நிமிடம். அப்படியும் 62 ஆட்டம் ஜெயித்தார்கள். பெரியவர்களின் காலை மிச்சம் பிடித்து வைத்து, பெஞ்சில் இருந்தவர்களுக்கு நிஜமான வேலை கொடுத்தார்கள். இறுதிச் சுற்றில் 1-1 என்று இருந்தபோது ஸ்பிளிட்டரை உட்கார வைத்து, பந்தை நன்றாகக் கைமாற்றுகிற போரிஸ் டியாவை முதல் ஐந்தில் இறக்கினார்கள், அதற்குப் பிறகு ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருது 22 வயது கவாய் லெனார்டுக்குப் போனது. மையம் அதே, அதைச் சுற்றி எல்லாம் மாறியது. எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த அணி அதுதான், காலையில் எழுந்து அந்தத் தொடரைப் பார்த்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள்.

செல்டிக்ஸும் அப்படித்தான். டேட்டமும் பிரவுனும் 2022 இறுதியில் தோற்றார்கள், 2023-ல் சொந்த கோர்ட்டில் ஏழாவது ஆட்டத்தில் மயாமியிடம் தோற்றார்கள், இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஆட முடியாது, பிரித்துவிடுங்கள் என்று ஊரே சொன்னது. பிரிக்கவில்லை. அதற்குப் பதில் ரசிகர்களின் செல்லப் பிள்ளையாக இருந்த மார்கஸ் ஸ்மார்ட்டைக் கொடுத்து போர்சிங்கிஸை வாங்கினார்கள், பிறகு ஜூரூ ஹாலிடேயைக் கொண்டுவந்தார்கள், 2024-ல் கோப்பை. ஸ்மார்ட்டை அனுப்பியது லேசான முடிவு இல்லை. வைத்துக்கொள்வது என்றால் எல்லோரையும் வைத்துக்கொள்வது என்று அர்த்தமில்லை என்பதற்காகச் சொல்கிறேன். இரண்டு பேரை, அதிகம் போனால் மூன்று பேரைத் தொடாதீர்கள். மற்ற இடங்களையெல்லாம் கேள்வி கேளுங்கள்.

அந்த இரண்டு மூன்று பேர் யார்? அதிகம் புள்ளி எடுப்பவர்கள் என்று உடனே சொல்லிவிட வேண்டாம். உங்கள் பாயிண்ட் கார்டும், ரிங்குக்குப் பக்கத்தில் ஆடுகிற உயரமான சென்டரும் சேர்ந்து ஆடுவதை ஒரு நாள் ஓரமாக நின்று பாருங்கள். வலது பக்கம் கார்டு பந்தோடு நிற்கிறார், சென்டர் மேலே ஏறி வந்து ஸ்கிரீன் வைக்கிறார், அதாவது டிஃபெண்டரின் வழியில் உடம்பைத் தடுப்பாக நிறுத்துகிறார். டிஃபெண்டர் ஸ்கிரீனுக்கு மேல் பக்கமாகச் சுற்றி வர முயன்றால், சென்டர் உடம்பைத் திருப்பி ரிங்கை நோக்கி முதல் அடி வைக்கும்போதே பவுன்ஸ் பாஸ் அவர் கைக்கு வந்துவிடுகிறது. டிஃபெண்டர் பின்பக்கமாக நுழைந்து போனால் கார்டு நின்ற இடத்திலேயே ஷாட் எடுக்கிறார், சென்டர் பாஸுக்குக் காத்திருக்காமல், ஷாட் தவறினால் பந்தைப் பிடிக்க ரீபவுண்டுக்குப் போய்விடுகிறார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை, ஒருவரையொருவர் பார்ப்பதுகூட இல்லை. இது வருடக்கணக்கில் இருட்டும்வரை சிமெண்ட் கோர்ட்டில் நின்று வந்தது. காலேஜ் பையனுக்கு உங்களைவிட வேகம் இருக்கும், உயரமாகக் குதிப்பான், ஆனால் 38-வது நிமிடத்தில் இரண்டு புள்ளி பின்னால் இருக்கும்போது அவனுக்கு இது வராது. வர வேண்டுமென்றால் இது தெரிந்தவர்களோடு சேர்ந்து ஆட வேண்டும்.

எங்கள் பக்கத்திலேயே ஒரு கிளப் இதைச் செய்து பார்த்தது, பெயர் வேண்டாம். ஒரு தோல்விக்குப் பிறகு பணம் கொடுத்தவர்களுக்குக் கோபம் வந்து சீனியர்களை மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். புதுப் பசங்கள் ஆசையாகத்தான் வந்தார்கள். ஆனால் காலையில் கோர்ட்டைப் பெருக்கி, பந்துக்குக் காற்றடித்து, தப்பாக ஆடியவனைத் தனியாகக் கூப்பிட்டு "தம்பி, வலது காலை முதல்ல ஊணு" என்று சொல்லிக்கொடுத்தது அந்த சீனியர்கள்தான், அது யாருடைய கணக்கிலும் வரவில்லை. பையன்களில் பாதிப் பேர் படிப்பு முடிந்ததும் பெங்களூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போனார்கள். இப்போது அந்த கிளப் டோர்னமென்ட்டுக்குப் பெயர் கொடுப்பதில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நம் இரண்டு மாவட்டத்திலும் சாயங்காலம் பந்து தட்டுகிற இடங்கள் ஏற்கெனவே குறைவு.

நம் ஊருக்கு இது தனிப் பிரச்சினை. மூன்றாம் வருடப் பையனை நம்பி டீம் கட்டினால் அடுத்த மே மாதம் அவன் எங்கே இருப்பான் என்று யாருக்கும் தெரியாது. 29 வயதில் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்துக்கொண்டு, ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து கிருஷ்ணகிரி வந்து பயிற்சி செய்கிற ஆள் எங்கேயும் போகப் போவதில்லை. அவரை விட்டுவிடாதீர்கள்.

சரி, அப்படியானால் ஏன் தோற்கிறீர்கள்? அந்த மூன்று அரையிறுதிகளின் ஸ்கோர்ஷீட்டும் கிடைத்தால் எடுத்து வையுங்கள். குவார்ட்டர் வாரியாகப் பாருங்கள். மூன்றாவது குவார்ட்டர் வரை சமமாக இருந்து கடைசிப் பத்து நிமிடத்தில் இடைவெளி விழுந்திருந்தால் உங்கள் ஆட்களின் திறமையில் குறை இல்லை, கால் ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். கோடை டோர்னமென்ட்டில் நாள் தவறாமல் ஆட்டம் இருக்கும், அரையிறுதி வரும்போது அதே ஐந்து பேர் முந்தின ஆட்டங்களிலும் ஏறத்தாழ 40 நிமிடமும் ஓடியிருப்பார்கள். அப்படித் தோற்றால் தேவை புது டீம் இல்லை, பெஞ்சிலிருந்து மூன்று பேர். அடுத்து ஃபவுல்களைப் பாருங்கள். சென்டருக்கு நாலாவது ஃபவுல் எப்போது விழுந்தது? மூன்றாவது குவார்ட்டரிலேயே விழுந்திருந்தால் அவர் அதற்குமேல் கையைத் தூக்கவே பயந்திருப்பார், உள்ளே நுழைந்து லே-அப் போட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள். அதற்கு மருந்து இன்னொரு உயரமான பையன், பத்து நிமிடம் தாக்குப் பிடித்தால் போதும். முதல் குவார்ட்டரிலேயே பதினைந்து புள்ளி பின்தங்கி, அதுவும் மூன்று வருடமும் அப்படியே என்றால்தான் வேறு பேச்சு. அப்போது எதிரணி உங்களைவிட மேலே இருக்கிறது, நாற்காலியை மாற்றிப் போட்டுப் பயனில்லை, நானே கலையுங்கள் என்பேன்.

முதல் ஐந்தில் ஒருவரை பெஞ்சுக்கு மாற்ற வேண்டி வரும், அதுதான் கஷ்டமான வேலை. நேராக அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் லிஸ்ட் போட்டுத் தெரிய வைக்காதீர்கள். "அண்ணா, நீங்க ரெண்டாவது குவார்ட்டர்ல வாங்க, பசங்களை வழிநடத்த ஆள் வேணும்" என்று மரியாதையாகச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். மனு ஜினோபிலி மாதிரியான ஆட்டக்காரர் தன் உச்சத்தில் இருந்தபோதே பெஞ்சிலிருந்து வந்தார், 2008-ல் சிறந்த ஆறாவது ஆள் விருது வாங்கினார். தலைமுறையில் ஒருவர் என்று சொல்லத்தக்கவர் செய்ததை நம் அண்ணனும் செய்யலாம்.

அவசரத்தில் பிரிப்பதன் நஷ்டத்தை ஓக்லஹோமாவே முன்பு ஒருமுறை அனுபவித்திருக்கிறது. 2012-ல் டுரன்ட், வெஸ்ட்புரூக், ஹார்டன் மூவரும் ஒரே அணியில் இருந்தார்கள், இறுதி வரை வந்தார்கள். சம்பளக் கணக்கு ஒத்துவராமல் அந்த அக்டோபரில் ஹார்டனை ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள். பிறகு மூன்று பேரும் தனித்தனியாக எம்.வி.பி., அதாவது சீசனின் சிறந்த வீரர், ஆனார்கள், அந்த அணி மட்டும் டுரன்ட் காலத்தில் மறுபடி இறுதிக்கு வரவில்லை. உங்களுக்குச் சம்பள வரம்பும் இல்லை, பிரிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஜூன், ஜூலையில் காலேஜ் திறந்ததும் முதல் வருடப் பசங்களைப் பாருங்கள், கடைசி வருடத்தை விடுங்கள், மூன்று வருடம் உங்களோடு இருப்பார்கள். பி.டி. சார்களிடம் சொல்லி வைத்தால் பிளஸ் டூ முடித்தவர்களில் யாருக்குக் கை நன்றாக இருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். நான்கைந்து பேரை எடுத்து, தினமும் உங்கள் சீனியர்களோடு கலந்தே பிரித்து ஆட விடுங்கள், சீனியர் ஒரு பக்கம் ஜூனியர் ஒரு பக்கம் என்று வேண்டாம்.

31 வயதுக்காரர் எந்த இடத்தில் ஆடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அவர் சென்டர் என்றால் அவசரமில்லை, உடம்பும் இடம் பிடிக்கிற அறிவும் இன்னும் சில வருடம் தாங்கும். பந்தைக் கொண்டு வருகிற கார்டு என்றால் அவருக்குப் பின்னால் வரப் போகிற பையனை இந்த வருடமே தேர்ந்தெடுத்து அவர் கையிலேயே ஒப்படையுங்கள்.