பதின்பருவத்தினருக்கு எந்தப் புத்தகம்? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. 11 வயது வரை கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்துத் தள்ளியவன், இப்போது புத்தகத்தைத் தொடுவதே இல்லை. நான் பார்த்துப் பார்த்து வாங்கிய நல்ல நாவல்கள் பிரிக்கப்படாமலே கிடக்கின்றன. எதிலிருந்து மறுபடி தொடங்கலாம்?

பதில்: அந்த நாவல்கள் யாருடைய கணக்கில் நல்லவை என்பதை முதலில் பார்த்துவிடுவோம். இந்த வயதினருக்குப் பெரியவர்கள் எடுத்துத் தருபவை பெரும்பாலும் தாங்கள் அந்த வயதில் ரசித்தவையாக இருக்கும். இல்லாவிட்டால், படித்தால் பிள்ளைக்குப் புத்தி வரும் என்ற நம்பிக்கையில் வாங்கியவையாக இருக்கும். இரண்டாவது வகையைப் பிள்ளைகள் அட்டையைப் பார்த்தே மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். அவன் கடைசியாக விரும்பி முடித்த புத்தகம் எது, அதில் எந்த இடத்தில் கீழே வைக்க மனம் வரவில்லை என்று பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். புத்தகம் எதுவும் நினைவுக்கு வராவிட்டால், அண்மையில் தூக்கத்தை விட்டுப் பார்த்த தொடரைப் பற்றிக் கேட்டாலும் அதே விடை கிடைக்கும்.

வாசிப்பை விட்டுப் பல மாதங்கள் ஆனவர்களுக்குக் கதையைவிடப் பக்கங்களின் அடர்த்திதான் பெரிய தடை. அதனால் ஆங்கிலத்தில் வாசிப்பவன் என்றால், கவிதை வரிகளாக எழுதப்பட்ட நாவல்களிலிருந்து தொடங்கச் சொல்வேன். குவாமி அலெக்சாண்டரின் ‘தி கிராஸ்ஓவர்’ (2014) கூடைப்பந்து ஆடும் இரட்டைச் சகோதரர்களின் கதை. பக்கத்தில் பாதி வெற்றிடமாகவே இருப்பதால், உட்கார்ந்த இடத்தில் கணிசமாக வாசித்துவிட்டோம் என்ற தெம்பு வரும். ஜேசன் ரெனால்ட்ஸின் ‘லாங் வே டவுன்’ (2017) இன்னும் கனமானது. அண்ணனைச் சுட்டுக் கொன்றவனைப் பழிவாங்க, 15 வயதுச் சிறுவன் ஒருவன் துப்பாக்கியோடு லிஃப்டில் இறங்குகிறான். ஒவ்வொரு தளத்திலும் கதவு திறந்து ஒருவர் ஏறுகிறார், ஏறுபவர்கள் எல்லோரும் ஏற்கெனவே இறந்துபோனவர்கள். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிடுங்கள். ‘படித்தாயா?’ என்று ஒரு வாரத்துக்காவது கேட்காதீர்கள்.

பிடிக்காவிட்டால் பாதியில் விட்டுவிடலாம் என்பதையும் அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர், எந்தப் புத்தகத்துக்கும் 50 பக்கம் அவகாசம் தந்தால் போதும் என்றும், 50 வயதைத் தாண்டியவர்கள் 100இலிருந்து தங்கள் வயதைக் கழித்து வரும் பக்கங்களோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றும் ஒரு விதி வகுத்தார். பதின்பருவத்தினருக்கு 50 பக்கமே அதிகம் என்பது என் கருத்து. 20 போதும்.

கேள்வி: நான் பள்ளி நூலகர். ‘தி ஹங்கர் கேம்ஸ்’ வாசித்து முடித்த மாணவர்கள் ‘இதே மாதிரி இன்னொன்று’ கேட்டு வருகிறார்கள். அதே வகையிலிருந்து எடுத்துக் கொடுத்தால், சிலர் மறுநாளே திருப்பித் தந்துவிடுகிறார்கள். ஏன்?

பதில்: ஏனென்றால், அவர்கள் வாசித்தது ஒரே புத்தகம் என்றாலும் ரசித்தது ஒன்றையே அல்ல. சூசன் காலின்ஸின் அந்த 2008ஆம் ஆண்டு நாவலில், 12 மாவட்டங்களிலிருந்தும் 12 முதல் 18 வயதுக்கு உட்பட்ட ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சாகும்வரை போரிட அனுப்பப்படுகிறார்கள். குலுக்கலில் தங்கையின் பெயர் வந்ததும், அவளுக்குப் பதிலாகத் தானே போகிறேன் என்று காட்னிஸ் முன்வருகிறாள். ஒரு மாணவருக்கு அந்தக் களத்தில் அடுத்து யார் விழுவார் என்ற பதைப்புதான் கதை. இன்னொருவருக்கு அக்கா தங்கைப் பாசம். மூன்றாமவருக்கோ, பிள்ளைகளின் சாவைத் தொலைக்காட்சியில் வேடிக்கை பார்க்கும் ஓர் அரசு எப்படி நிலைக்கிறது என்ற கேள்விதான் முக்கியம்.

எனவே ‘எந்தக் காட்சியை நண்பரிடம் முதலில் சொன்னாய்?’ என்று கேளுங்கள்; ‘என்ன பிடித்தது?’ என்றால் ‘எல்லாமே’ என்றுதான் பதில் வரும். களத்தைப் பற்றிச் சொல்பவருக்கு, நினைவு அழிக்கப்பட்ட சிறுவர்கள் ஒரு புதிர்ப்பாதையில் சிக்கிக்கொள்ளும் ஜேம்ஸ் டாஷ்னரின் ‘தி மேஸ் ரன்னர்’ (2009) பொருந்தும். அரசைப் பற்றிப் பேசுபவருக்கு லோயிஸ் லோரியின் ‘தி கிவர்’ (1993) கொடுங்கள். வலியும் நிறமும் அகற்றப்பட்ட ஒரு சமூகத்தில், பழைய நினைவுகள் அனைத்தையும் ஒரே ஒருவர் சுமக்கும் கதை அது. சண்டைக் காட்சி எதுவும் இல்லாததால், முதல் வகை மாணவர் அதை நிச்சயம் மறுநாளே திருப்பித் தருவார். தங்கையை நினைத்துக் கலங்கியவருக்கு, மார்க்கஸ் சூசாக்கின் ‘தி புக் தீஃப்’ (2005) வேறு உலகமாகத் தோன்றினாலும் நெருக்கமாக இருக்கும். நாஜி ஜெர்மனியில் தம்பியைப் பறிகொடுத்த ஒரு சிறுமியின் கதையை அதில் மரணமே சொல்கிறது. தொடக்கம் மெதுவாக நகரும் என்பதை மட்டும் எச்சரித்துவிடுங்கள்.

கேள்வி: படக்கதைகளை மட்டுமே வாசிப்பது வாசிப்பாகுமா?

பதில்: ஆகும். இளையோர் இலக்கியத்துக்கான பிரின்ட்ஸ் விருது, 2007இலேயே ஜீன் லுவென் யாங்கின் ‘அமெரிக்கன் பார்ன் சைனீஸ்’ என்ற சித்திர நாவலுக்குக் கிடைத்துவிட்டது. நடுவர்களுக்கு இல்லாத தயக்கம் நமக்கு எதற்கு?

கேள்வி: இளையோர் நாவல்களில் வன்முறையும் பாலியல் விஷயங்களும் வருகின்றன. 13 வயது மகளுக்குக் கொடுக்கும் முன் நான் படித்துப் பார்த்துத் தடுக்க வேண்டுமா?

பதில்: படித்துப் பாருங்கள், தடுப்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். 12 வயதும் 17 வயதும் ஒரே அலமாரியில் நிற்கும் பிரிவு இது என்பதால், உங்கள் கவலை நியாயமானதே. ஆனால் ஒரு நாவலில் என்ன நடக்கிறது என்பதைவிட, அது எப்படிச் சொல்லப்படுகிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் ‘ஸ்பீக்’ (1999) பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிப் பேச்சே அற்றுப்போன ஒரு பள்ளி மாணவியின் ஓராண்டைச் சொல்கிறது. அட்டைக் குறிப்பை மட்டும் பார்த்தால் ஒதுக்கத் தோன்றும். வாசித்தால், அந்தக் கொடுமையைக் கிளர்ச்சிக்காகக் காட்டாமல், அதை யாரிடமும் சொல்ல முடியாத தவிப்பையே நாவல் பின்தொடர்வது தெரியும். 13 வயதில் எல்லோருக்கும் அதைத் தரமாட்டேன். 15 வயதில் கேட்டு வருபவருக்கு மறுக்கவும் மாட்டேன்.

கொடுக்கும்போது, ‘இதில் இப்படி ஒரு விஷயம் வருகிறது, கஷ்டமாக இருந்தால் மூடி வைத்துவிடு, பேச வேண்டுமென்றால் நானும் படித்திருக்கிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். முதல் அத்தியாயத்திலேயே மூடிவிட்டால், காரணம் கேட்டுத் துருவாமல் அடுத்த புத்தகத்தை எடுத்துக் கொடுங்கள்.