இணை உறுப்பினர் படிவத்தில் கையெழுத்திடலாமா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, வயது 61. கையில் 9 லட்சம் ரூபாய் இருக்கிறது. வெளிமாநிலக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்று எங்கள் ஊரில் கிளை திறந்திருக்கிறது. வைப்புத்தொகைக்கு 12 சதவீத வட்டியாம். இணை உறுப்பினர் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதுமாம். “கூட்டுறவு என்றாலே அரசாங்கம்தான்” என்கிறார் முகவர். என் அப்பா நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தவர். அந்தப் பெயர் மீது எனக்கு மரியாதை உண்டு. போடலாமா ஐயா?

பதில்: போட வேண்டாம் அம்மா. காரணத்தை உங்கள் அப்பாவின் தொழிலிலிருந்தே தொடங்குகிறேன். உலகம் இன்று பின்பற்றும் கூட்டுறவு விதிகளை வகுத்தவர்களிலும் பலர் நெசவாளர்கள்.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஆலை நகரம். கூலி குறைந்துகொண்டே வந்தது. கடைக்காரர்களோ கலப்பட மாவைக் கடனுக்குக் கொடுத்து ஆட்களைக் கட்டிப்போட்டிருந்தார்கள். 28 பேர் வாரம் இரண்டு மூன்று பென்ஸ் சில்லறைக் காசாகச் சேர்த்து 28 பவுண்டு திரட்டினார்கள். 1844 டிசம்பர் 21 அன்று இரவு, டோட் லேன் என்ற தெருவில் ஒரு கிடங்கின் தரைத்தளத்தில் கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவத்தி. அவ்வளவுதான் சரக்கு.

அந்த ஊருக்குக் கூட்டுறவு புதிதல்ல. 1830களில் அங்கே திறந்த ஒரு கூட்டுறவுக் கடை, கடனுக்குச் சரக்குக் கொடுத்தே மூழ்கிப்போயிருந்தது. அந்தச் சூடு பட்டதால்தான் இவர்கள் ரொக்கத்துக்கு மட்டுமே விற்றார்கள். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. போட்ட பணத்துக்கு வரம்புக்குட்பட்ட வட்டிதான். மீதி லாபம், அவரவர் வாங்கிய சரக்கின் அளவுக்கு ஏற்பத் திரும்பி வரும். மனைவியின் பணம் சட்டப்படி கணவனுக்கே என்றிருந்த காலத்தில் பெண்களையும் உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். இந்த வரலாற்றில் என் மனத்தை மிகவும் தொடுவது இதுதான்.

கடன் சங்கத்துக்கு வேறொரு முன்னோடி: ஜெர்மனியின் ரைஃபைசன். 1846-47 பஞ்சத்தில் ஒரு சிறு ஊரின் மேயராக இருந்து, மக்களுக்கு ரொட்டி கிடைக்க வழி செய்தவர். 1864இல் ஹெடெஸ்டோர்ஃப் என்ற ஊரில் கடன் சங்கம் அமைத்தார். அவருடைய முறையில் சங்கம் ஊர் எல்லையைத் தாண்டாது. ஒருவர் கடனைக் கட்டாவிட்டால் எல்லோருடைய சொத்தும் பொறுப்பு. அப்படியிருக்க, யாருக்குக் கடன் கொடுக்கிறோம் என்பதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். எந்தத் தணிக்கையாளரும் அந்தக் கண்களுக்கு ஈடாக மாட்டார்.

கந்துவட்டியில் சிக்கிய விவசாயிக்கு வழி தேடச் சொல்லி, சென்னை மாகாண அரசு ஃபிரெடரிக் நிக்கல்சனை நியமித்தது. ஐரோப்பியச் சங்கங்களை ஆராய்ந்து 1890களில் அவர் கொடுத்த நீண்ட அறிக்கையின் சாரம், “ஒரு ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள்” என்பதே. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் விவசாயிகளின் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரச் சங்கமும், திருவல்லிக்கேணியில் ராச்டேல் பாணியில் கடைச் சங்கமும் தோன்றின. உங்கள் அப்பாவின் சங்கமும் இந்த மரபில் வந்ததுதான். உங்கள் மரியாதையில் தவறே இல்லை.

இப்போது அந்தப் படிவத்துக்கு வருவோம். பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களுக்கான சட்டப்படி, இணை உறுப்பினருக்கு ஓட்டும் கிடையாது, நிர்வாகத்தில் பங்கும் கிடையாது. பணம் மட்டும் உங்களுடையது. உறுப்பினர்களின் பேரவைக் கூட்டத்தில் எழுந்து கேட்க வாய் இல்லை. கடன் வாங்குகிறவர் யார் என்றும் உங்களுக்குத் தெரியாது. ராச்டேல் கடையைக் காப்பாற்றிய ஓட்டு, ரைஃபைசன் சங்கத்தைக் காப்பாற்றிய ஊரின் கண்கள், இரண்டுமே இங்கே இல்லை. உங்களுக்கு 12 சதவீதம் கொடுக்க வேண்டுமானால், சம்பளம், வாடகை, வாராக்கடன் எல்லாம் போக, அவர்கள் 15 சதவீதத்துக்கும் மேல் கடன் கொடுத்தாக வேண்டும். வங்கியில் கடன் கிடைப்பவர் யாரும் அந்த வட்டிக்கு வாங்க மாட்டார்.

முகவர் சொன்னது சரியல்ல. அரசின் பதிவாளர் சங்கத்தைப் பதிவு செய்கிறார், அவ்வளவுதான். உங்கள் பணத்துக்கு அரசு ஜாமீன் நிற்பதில்லை. இணை உறுப்பினர்களிடம் டெபாசிட் வாங்குவது வங்கித் தொழில் நடத்துவதற்குச் சமம் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் பொதுமக்களை எச்சரித்தது. அப்படிப்பட்ட டெபாசிட்டுக்குக் காப்பீடும் கிடையாது.

கூட்டுறவில்தான் பணம் இருக்க வேண்டும் என்று விரும்பினால், ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற நகரக் கூட்டுறவு வங்கியில் 4 லட்சம் வரை போடுங்கள். அங்கே அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. உறுப்பினராகச் சேர்ந்து, பேரவைக் கூட்டத்துக்கும் போய் உட்காருங்கள். மீதி 5 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். முகவர் மறுபடி வந்தால், ஓட்டுரிமையுள்ள உறுப்பினர் படிவத்தையும் கடைசி இரண்டு ஆண்டுத் தணிக்கை அறிக்கையையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.