சிறுகுடலில் 5,000 கோடி பாக்டீரியா: காசு கொடுத்து நிரப்பணுமா?

கேள்வி: மொபைலில் வந்த விளம்பரத்தை நம்பி என் சம்சாரம் புரோபயாட்டிக் பவுடர் 3 டப்பா வாங்கிட்டாங்க, 5,400 ரூபாய். ‘சிறுகுடலில் 5,000 கோடி நல்ல பாக்டீரியாவை நிரப்பும், உப்புசம் போகும்’னு போட்டிருந்தது. 20 நாளாகக் குடிக்கிறாங்க, உப்புசம் கூடித்தான் இருக்குது. வித்தவருக்குப் போன் பண்ணினா, ‘1,999 கட்டி மலப் பரிசோதனை எடுங்க, சிறுகுடல் நிலவரம் தெரிஞ்சுரும்’ங்கிறார். பிரிக்காத 2 டப்பாவையும் திருப்பி எடுத்துக்க மாட்டாராம். என்னங்க பண்றது?
(வாசகர், தாராபுரம்)

பதில்: முதல்ல அந்த 1,999-ஐ கட்டாதீங்க. மலத்தில் தெரிவது பெரும்பாலும் பெருங்குடல் சங்கதி. வாய்க்கால் கடைமடைத் தண்ணியை மோந்து பார்த்து மதகுல என்ன ஓடுதுன்னு சொல்ற மாதிரிதான் இது.

அடுத்து, ‘நிரப்பும்’ங்கிற அந்த வார்த்தை. பெருங்குடலில் ஒரு மில்லிக்கு 10,000 கோடி பாக்டீரியா வரைக்கும் இருக்கும். சிறுகுடலின் மேல்பகுதியில் சில ஆயிரம்தான். அதை உடம்பே அப்படிக் குறைச்சு வெச்சிருக்குது. இரைப்பை அமிலமும் பித்தநீரும் பெருக விடாது. வயிறு காலியா இருக்கும்போது சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருதடவை குடல் ஒரு அலை மாதிரி சுருங்கி மிச்சம்மீதியைக் கீழே தள்ளிவிடும். பசிக்கும்போது வயிறு கடமுடங்கிறது பாதி அந்த வேலைதான். சத்தை உறிஞ்சற இடம் அது, அங்கே கூட்டம் சேர்ந்தா நம்ம சோத்தை அதுக பங்கு போட்டுக்கும். வாயு, உப்புசம், வயித்துப்போக்கு வரும், பி12 வைட்டமின் கூடக் குறையும். சர்க்கரை நோய், குடல் ஆபரேஷன், வருஷக்கணக்கா சாப்பிடற அசிடிட்டி மாத்திரை, இதெல்லாம் அப்படிக் கூட்டம் சேர வழி பண்ணும்.

அதுக்காக அங்கே இருக்கிற கொஞ்சநஞ்சமும் வேண்டாததுன்னு இல்லீங்க. கொழுப்பைச் செரிக்கறதிலும், எதிர்ப்புச் சக்திக்குப் பழக்கம் கொடுக்கறதிலும் அதுகளுக்குப் பங்கு இருக்குது. ஆனா டப்பாவில் வர்றது அங்கே குடியேறிரும்னு நம்பாதீங்க, பெரும்பாலும் வந்த வழியே போயிரும். அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர் சங்கமே 2020-ல் பெரும்பாலான செரிமானக் கோளாறுகளுக்கு புரோபயாட்டிக்கைப் பரிந்துரைக்கலை.

இப்ப டப்பாவைக் கையில் எடுங்க. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கொடுக்கிற 14 இலக்க உரிம எண் இருக்குதா? பாக்டீரியா எந்த வகைன்னு முழுப்பேர் போட்டிருக்குதா? நம்ம நாட்டு விதிப்படி ஒருநாள் அளவில் 10 கோடி உயிருள்ள பாக்டீரியா இருந்தாலே போதும், 5,000 கோடிங்கிறது வியாபாரப் பேச்சு. அந்தக் கணக்கும் தயாரிச்ச அன்னைக்கா, காலாவதி நாள் வரைக்குமான்னு பாருங்க. குளிர்ச்சியில் வைக்கணும்னு எழுதியிருக்கிற டப்பா சித்திரை வெயிலில் கூரியர் வண்டியில் வந்திருந்தா எத்தனை மிச்சமிருக்கும்?

வீட்டுத்தயிரில் இருக்கிறதும் பெரும்பாலும் அமிலத்தில் சாகத்தான் செய்யும். ஆனா பாலில் இருக்கிற சர்க்கரை செரிக்க அது கை கொடுக்கும், உறை ஊத்த ஒரு கரண்டி மோர் போதும்.

பணத்துக்கு: 2020 மின்வணிக விதிப்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத சரக்கைத் திருப்பி எடுக்க மாட்டேன்னு விற்பவர் சொல்ல முடியாது. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லும் லாட் எண்ணும் சேர்த்து மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்க, போன் பேச்சு வேண்டாம். மசியலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்க. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சரக்குக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போகணும்.

சம்சாரத்துக்குப் பவுடரை நிறுத்திட்டு குடல் டாக்டர்கிட்டக் காட்டுங்க. சிறுகுடலில் பாக்டீரியா கூட்டம் சேர்ந்திருக்குதான்னு பார்க்கத் தேவைப்பட்டா மூச்சுப் பரிசோதனை எழுதுவார், குளுக்கோஸ் கரைசலைக் குடிச்சிட்டு ஊதற டெஸ்ட். அசிடிட்டி மாத்திரை ஏதாவது சாப்பிட்டுட்டு இருந்தா அந்த அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க.