சுவத்துல ஒட்டின காகிதத்துக்கு ஒரு மியூசியம்

கேள்வி (டிசைன் படிக்கிற வாசகி, கோவை): போஸ்டருக்குன்னே தனியா ஒரு மியூசியம் இருக்குன்னு எங்க மேடம் சொன்னாங்க. நெஜமாவா? ஒட்டி ஒரு வாரத்துல கிழிஞ்சு போறதை எதுக்கு சேர்த்து வைக்கணும்?

நெஜம்தான்மா. போலந்து நாட்டுல, வார்சாவுல இருக்கு. விலானூஃப் அரண்மனை வளாகத்துல முன்னாடி குதிரை சவாரி பழகுற கூடம் இருந்த இடத்துல, 1968 ஜூன் 4ஆம் தேதி திறந்தாங்க, போஸ்டருக்கு மட்டும்னு உலகத்துல வந்த முதல் மியூசியம் அதுதான். வார்சா தேசிய மியூசியத்தோட கிளை. இன்னைக்கு அங்க 60,000க்கும் மேல போஸ்டர் இருக்கு.

ஏன் அங்கன்னு கேட்டா, ரெண்டாம் உலகப் போர்ல அந்த ஊரே தரைமட்டமாயிடுச்சு, அப்புறம் ஊரைத் திரும்பக் கட்டும்போது வேலைக்காக அடிச்ச தடுப்பு வேலி பூரா போஸ்டர் ஒட்டியிருந்தாங்க, சாம்பல் நிறமா கிடந்த ஊர்ல கலர்னு கண்ணுல பட்டது அதுதான். அப்போ கம்யூனிஸ்ட் ஆட்சி, சினிமா மொத்தமும் அரசாங்கம் கையில, போஸ்டர் வேலையைக் கொடுத்ததோ நல்ல நல்ல ஓவியர்கள்கிட்ட. ஹென்ரிக் டோமாஷெவ்ஸ்கின்னு ஒருத்தர், ஹீரோ முகத்தைப் பெருசா போடுற வேலையே வேணாம்னு படத்தோட உணர்ச்சியை மட்டும் வரைஞ்சாரு, 1948ல வியன்னா கண்காட்சியில அஞ்சு முதல் பரிசு அவருக்கு! அவருக்குப் பின்னாடி யான் லெனிட்சா, ஃபாங்கோர், ஷ்வியெஜி, செஷ்லெவிச்னு ஒரு படையே வந்துச்சு. 1966ல வார்சாவுல சர்வதேச போஸ்டர் பியனாலேன்னு ஒரு போட்டிக் கண்காட்சி ஆரம்பிச்சாங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் நடக்கும். முதல் தடவை லெனிட்சாவோட 'வொட்செக்' ஓபெரா போஸ்டருக்கு தங்கப்பதக்கம். செவப்பு செவப்பா அலையடிச்சு நடுவுல ஒரு வாய் அலறும், தேடிப் பாருங்க, ஒரு நிமிஷமாவது அப்படியே நின்னுடுவீங்க. பியனாலே ஆரம்பிச்ச ரெண்டே வருஷத்துல மியூசியமும் வந்துடுச்சு.

எதுக்கு சேர்க்கணும்னு கேட்டீங்களே, கிழிஞ்சு போறதாலதான் சேர்க்கணும். பெயின்டிங்கை வாங்கினவன் பத்திரமா வச்சுப்பான், போஸ்டரை யாரு வச்சுப்பா?

கேள்வி (வாசகர், திருச்சி): என்கிட்ட தாத்தா காலத்து போஸ்டர் நாலு இருக்கு, மஞ்சளாகிட்டு வருது. ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டலாமா?

வெயில் படுற சுவர்னா தயவுசெஞ்சு வேணாம் சார். போஸ்டர் காகிதம் மலிவுக் காகிதம், அதுல இருக்கிற அமிலமே அதை அரிக்கும், வெளிச்சம் இன்னும் வேகமா கெடுக்கும். மியூசியத்துலயே எல்லாத்தையும் வருஷம் பூரா மாட்டி வைக்க மாட்டாங்க, மாத்தி மாத்திதான் காட்டுவாங்க. மடிக்காம, அமிலம் இல்லாத அட்டைக்கு நடுவுல படுக்க வச்சு வைங்க. செலோ டேப் மட்டும் ஒட்டிடாதீங்க.

கேள்வி (வாசகி, சேலம்): கம்யூனிஸ்ட் ஆட்சியில ஓவியர்களுக்கு அவ்வளவு சுதந்திரம் எப்படி?

முழு சுதந்திரம்லாம் இல்லைங்க, போஸ்டரும் சென்சார் வழியாதான் போகணும். ஆனா டிக்கெட் விக்கணும்ங்கிற நெருக்கடி இல்ல, அதனால சினிமா, நாடகம், சர்க்கஸ் போஸ்டர்ல கை தாராளமா போச்சு. 60கள்ல வந்த சர்க்கஸ் போஸ்டர்கள் சிலதுல ஒரு மிருகமும் 'சிர்க்'ங்கிற ஒத்தை வார்த்தையும்தான் இருக்கும், தேதி கிடையாது, ஊரு கிடையாது. சொல்ல முடியாததை எல்லாம் உருவகத்துல ஒளிச்சு வைக்க அவங்க பழகினாங்க, பாக்குற ஜனமும் அதைப் படிக்கப் பழகிடுச்சு.

அந்தப் பழக்கம் எங்க போய் நின்னுச்சு தெரியுமா, 1989 தேர்தல்ல. கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்து நின்ன சாலிடாரிட்டிங்கிற தொழிலாளர் இயக்கத்துக்காக தோமாஷ் சர்னெட்ஸ்கிங்கிற ஓவிய மாணவர் ஒரு போஸ்டர் பண்ணாரு. 'ஹை நூன்'ங்கிற அமெரிக்க கௌபாய் படத்துல ஷெரிஃபா, அதாவது ஊர்க் காவல் அதிகாரியா நடிச்ச கேரி கூப்பர் நடந்து வர்றாரு, கையில துப்பாக்கிக்குப் பதிலா ஓட்டுச்சீட்டு, நெஞ்சுல சாலிடாரிட்டி பேட்ஜ். ஓட்டுப் போட்ட நாள் ஜூன் 4, விலானூஃப் மியூசியம் திறந்து சரியா 21 வருஷம்.